டைட்டிலுக்கு முன்னால் சாகிறவள்

எழுந்து நிற்கச் சொன்னார்கள், நின்றேன். நான்காம் மாடியில் நீளமான மேசை, பல் கிட்டிப்போகிற அளவுக்கு ஏசி. மேசையைச் சுற்றியிருந்த எல்லோரும் தலையைக் குனிந்து, கையைக் கட்டிக்கொண்டு மௌனமாக நின்றார்கள். யாரோ பெரிய மனிதர் தவறிவிட்டார் போலிருக்கிறது என்று நானும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டேன். உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாக, "யாருக்கு சார்?" என்று கேட்டேன். அவர் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார்.

"உங்களுக்குத்தாம்மா," என்றார் மேசையின் கோடியில் இருந்த துறைத் தலைவர். "ரெண்டாம் பாகத்துல நீங்க இறந்துடறீங்க. டைட்டிலுக்கு முன்னாடியே."

அந்த இடத்துக்குத் தொடர்பாகத் துறை என்று பெயர். ஒரு படம் ஓடிவிட்டால் அதற்கு இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம் என்று வரிசையாக எடுத்து, முதல் பாகத்தை விரும்பிய ஜனங்களைப் பழிவாங்குவது அவர்கள் வேலை. அதில் அவர்களுக்கு விருதுகூட உண்டு. சுவர் அலமாரியில் அடுக்கிவைத்திருந்தார்கள்.

நான் பிறவி நடிகை இல்லை. என் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கல்லாவில் நான் உட்காருவேன். ஒரு படத்தில் நாயகனின் மனைவி வேடத்துக்குக் கண்ணாடி வாங்க வந்தவர்கள், பிரேமைப் போட்டுக்காட்டிய என்னையே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். படத்தின் பெயர் 'கடைசி அவகாசம்'. கடைசிக் காட்சி மீன் வைக்கும் குளிர்பதனக் கிடங்கில். வில்லன் என்னை நாற்காலியோடு சேர்த்துக் கட்டியிருப்பான். நாயகன் வெளியே மண்டையில் அடிபட்டு மயங்கிக் கிடப்பார். வில்லன் பணப்பெட்டியை எடுக்க உள்ளறைக்குள் போவான். நான் நாற்காலியோடு தத்தித் தத்திப் போய், அந்த இரும்புக் கதவை ஒரு உதை விடுவேன். கதவு சாத்திக்கொள்ளும். அவன் உள்ளேயே உறைந்துபோவான். நாயகன் மயக்கம் தெளிந்து வந்து கயிற்றை அவிழ்ப்பார்.

அந்த உதைக்குத் தியேட்டரில் விசில் பறந்தது. கயிறு அவிழ்த்ததற்கு யாரும் விசில் அடிக்கவில்லை. கோளாறு அங்கேதான் ஆரம்பித்தது என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

"நான் ஏன் சார் சாகணும்?" என்று கேட்டேன்.

"கதை கேக்குதும்மா," என்றார் தலைவர். "ஹீரோவுக்குக் கோவம் வரணும். கோவம் வந்தாத்தான் படம். அதை நாங்க ஆராய்ச்சி பண்ணி வெச்சிருக்கோம். சம்சாரம் செத்தா கோவம் கிளைமாக்ஸ் வரைக்கும் தாங்குது. நண்பன் செத்தா இடைவேளைக்குள்ள ஆறிடுது. அம்மாவைக் கொல்லலாம்னா, அவங்க பாட்டுக்குத் தேவைப்படறாங்க."

"வீட்டுல ஒரு நாய் இருக்கே."

மேசையைச் சுற்றி எல்லோரும் பதறிப்போனார்கள். ஒரு அம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"நாயைக் கொன்னா ஜனங்க மன்னிக்க மாட்டாங்கம்மா," என்றார் தலைவர். "நீங்க பெரிய மனசுக்காரங்கன்னு நெனச்சேன்."

"சரி, யாரு என்னைக் கொல்றது?"

"அதே வில்லன்தான்."

"அவன் உறைஞ்சு செத்துட்டானே சார்."

"ஐஸ்ல வெச்ச பொருள் எங்கயாவது கெட்டுப்போகுமா? வெளிய எடுத்து வெச்சோம், சரியாயிட்டான்." இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை.

அப்போது நாயகன் உள்ளே வந்தார். எல்லோரும் எழுந்தார்கள், எனக்கு எழுந்ததைவிட வேகமாக. படத்தில் எனக்குத் தாலி கட்டியவர், வெளியே என்னை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்.

"சிஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க. செத்தாத்தான் ஜனங்க மனசுல நிப்பீங்க."

"சாகாமலே நிக்கலாம்னு பாத்தேன் சார்."

அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினார். "உங்ககிட்ட மறைக்கறதுக்கு என்ன இருக்கு? அந்தக் கதவை நான் மூடியிருக்கணும் சிஸ்டர். நான் எங்க போனாலும், உங்க சம்சாரம் என்னமா ஒதைச்சாங்கன்னு கேக்கறாங்க. ஒரு கடை திறப்பு விழாவுக்குப் போனேன், அங்கயும் அதே பேச்சு. எனக்கு ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது." பிறகு தலைவரைப் பார்த்து, "சாகும்போது கால் தெரியாம எடுங்க," என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் யாராவது ஒருத்தியைப் பின்பக்கமாகக் காட்டி, அதுதான் நான் என்று கொன்றுவிடுவார்கள். அதற்கும் ஏற்பாடு வைத்திருந்தார்கள். அன்றைக்கே மனசுக்குள் முடிவு பண்ணிக்கொண்டேன். இனி ஒரே ஒரு பாகத்திலாவது, படம் முடிகிறபோது நான் உயிரோடு இருக்க வேண்டும். இந்த மனிதர் அதை உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதுவரை விடுவதில்லை.

இரண்டாம் பாகத்தில் காய்கறிப் பையோடு கதவைத் திறந்தேன், சுட்டார்கள், செத்தேன். காலைச் சோபாவுக்குப் பின்னால் மறைத்துவிட்டார்கள். அதோடு வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தால் மறுநாளும் வண்டி அனுப்பினார்கள். நாயகன் என் படத்தைப் பார்த்து அழ வேண்டுமாம். காகிதத்தைப் பார்த்தால் அவருக்கு அழுகை வரவில்லையாம். அதனால் சுவரில் ஓட்டை போட்டு, அந்தப் பக்கம் ஒரு முக்காலியில் என்னை நிற்கவைத்து, முகத்தைச் சுற்றிச் சட்டம் மாட்டினார்கள். நான்தான் போட்டோ. கண் சிமிட்டக் கூடாது. அவர் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, என் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று, "உன்னைக் கொன்னவனை விட மாட்டேன்," என்று கத்துவார். மூச்சில் வெங்காய வாடை வரும். நான் முகம் சுளித்தால், "போட்டோ அசையுது, கட்," என்பார்கள். தலைவர் வந்து, "செத்தவங்க கொஞ்சம் ஒத்துழைக்கணும்மா," என்று கேட்டுக்கொள்வார்.

படம் வந்தது. பார்த்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். துறை சோர்ந்துபோயிருக்கும் என்று நான் நான்காம் மாடிக்குப் போனால், அங்கே கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள். தலைவர் எழுந்து பேசினார்.

"நண்பர்களே, திருப்தியானவன் வீட்டுக்குப் போயிடுவான். அவனால நமக்கு என்ன லாபம்? ஏமாந்தவன்தான் அடுத்த பாகத்துலயாவது சரியா இருக்குமான்னு திரும்பி வருவான். நாம விக்கறது படம் இல்ல, அந்த நப்பாசை. நல்ல படம் எடுத்துக் கெடுத்துடாதீங்க."

எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கும் ஒரு துண்டு கேக் கொடுத்தார்கள். அடுத்த பாகத்தில் நான் கடைசிவரை உயிரோடு இருப்பேன் என்று வாக்கும் கொடுத்தார்கள்.

மூன்றாம் பாகத்தில் எனக்கு ஒரு இரட்டைத் தங்கை இருந்தாள். அக்கா செத்தது போதாதென்று அவளும் காய்கறிப் பையோடு கதவைத் திறந்தாள். இந்தத் தடவை வெடிகுண்டு. "வாக்குக் குடுத்தீங்களே சார்," என்றேன். "அக்காவுக்குத்தாம்மா குடுத்தோம்," என்றார் தலைவர். நான்காம் பாகம் முன்கதை. நாயகனுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்னால் நடந்தது. அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் என்னைக் கொல்ல முடியாதே. கொன்றார்கள். பெண் பார்க்க வந்த அன்றைக்கே மாடியிலிருந்து தள்ளினார்கள்.

"அப்ப முதல் பாகத்துல இவர் யாரைத்தான் சார் கட்டிக்கிட்டாரு?" என்று கேட்டேன்.

தலைவர் மேசையைத் தட்டிச் சிரித்தார். "பாத்தீங்களா, உங்களுக்கே அடுத்தது தெரிஞ்சுக்கணும்னு தோணுது. அதுக்குத்தான் அஞ்சாம் பாகம்."

இது எல்லாம் வெளியே யாருக்கும் பெரிய விஷயம் இல்லை. ஆனால் எனக்கு வீடு என்று ஒன்று இருந்தது. கடைக்கு வருகிறவர்கள் என்னைப் பார்த்ததும், "பாவம், உங்களை நெனச்சா சங்கடமா இருக்கு," என்று சொல்லிவிட்டு பிரேம் விலையைக் குறைக்கச் சொல்வார்கள். மகள் படிக்கும் பள்ளியில், உங்கம்மா இந்தத் தடவை எப்போது சாவாள் என்று பிள்ளைகள் பந்தயம் கட்டினார்கள். படம் வந்தால் நாங்கள் மூன்று பேரும் போவோம். நான் சாவேன், டைட்டில் வரும், எழுந்து வந்துவிடுவோம். என் கணவர் அதற்குள் பழகிவிட்டார். "சீக்கிரமே முடிஞ்சுது, கூட்டத்துக்கு முன்னாடி பஸ் பிடிச்சுடலாம்," என்பார். நான்காம் பாகத்துக்கு மகள் வரவில்லை.

"எனக்குப் பரீட்சை இருக்கும்மா," என்றாள். பரீட்சை இல்லை என்பது எனக்குத் தெரியும். "நீ ஒரு தடவையாவது முழுசா இருக்கற படத்துக்கு வரேன்."

 அந்தப் படத்துக்கு நானும் கணவரும் மட்டும் போனோம்.

நான்காம் பாகம் வருவதற்கு முன்பே யாரோ கதையை வெளியே சொல்லிவிட்டார்கள். வெளியே போனது கதைகூட இல்லை, கதையே இல்லை என்ற செய்தி. நப்பாசைக்கு இடமில்லாமல் போனதால் கூட்டம் குறைந்தது. துறை ஆடிப்போனது. ஐந்தாம் பாகத்துக்கு ரகசிய அதிகாரி என்று ஒருவரை வேலைக்கு வைத்தார்கள். அவர் அறைக்குள் வந்தால் முதலில் ஜன்னல் திரைகளை மூடுவார். மேசைக்கு அடியில் குனிந்து பார்ப்பார். பிறகு தன் பெயரைக்கூடச் சொல்லாமல் உட்காருவார்.

"இந்தப் படத்துல சாகப்போறது யாருன்னு யாருக்கும் தெரியக் கூடாது," என்றார் அவர். "அதனால எல்லாரையும் சாகடிச்சு எடுக்கறோம். எது நெஜம்னு உள்வட்டத்துக்கு மட்டும்தான் தெரியும்."

"உள்வட்டத்துல யார் யாரு சார் இருக்காங்க?" என்று தலைவர் கேட்டார்.

ரகசிய அதிகாரி அவரை வியப்போடு பார்த்தார். "அதை நீங்களே கேக்கறீங்களா?"

தலைவர் அவசரமாக, "இல்லல்ல, சும்மா ஒரு சோதனைக்குக் கேட்டேன்," என்றார்.

அந்தப் படம் எடுத்த விதம் வேறு எங்கும் நடக்காது. ஆரம்பத்தில் ஒருவர் சாக வேண்டும். இன்னொருவர் பழிவாங்க வேண்டும். நடுவில் வரும் சண்டை எல்லாம் தலைக்கவசம் போட்ட ஒரு உருவம் போடும். நாயகன் இரண்டாம் பாகத்துக்குப் பிறகு சண்டை போட்டதே இல்லை, முட்டிவலி. தலைக்கவசத்துக்குள் எப்போதும் வேறு ஆள்தான். ஆகவே நடுவை ஒரே தடவை எடுத்தால் போதும். கடைசிக் காட்சியில் தலைக்கவசத்தைக் கழற்றுகிற முகம் யாருடையது என்பதை மட்டும் மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டார்கள். நான் செத்தேன், நாயகன் கழற்றினார். நாயகனின் அம்மா செத்தார், சமையல்காரர் கழற்றினார். நாய் சாகிற காட்சியை எடுக்கப்போய் விளக்குப் பிடிப்பவர்கள் எல்லாம் அழுதுவிட்டதால் பாதியில் நிறுத்தினார்கள்.

நாயகன் சாகிற காட்சியும் ஒன்று இருந்தது. "இது வெளிய வராதுல்ல?" என்று அவர் மூன்று பேரிடம் கேட்டார். மூன்று பேரும் ரகசியமாகத் தலையை ஆட்டினார்கள். வெளியே வராது என்ற தைரியத்தில் மனிதர் பிரமாதமாகச் செத்தார். வசனம் இல்லை, பஞ்ச் இல்லை, கதவைத் திறந்து, குண்டு பட்டு, ஒரு சாதாரண மனிதனைப்போல, நடந்ததை நம்பாமல் விழுந்தார். அவர் உண்மையாக நடித்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். அதற்கு ஜோடியாக, கடைசிக் காட்சியில் தலைக்கவசத்தைக் கழற்றி நான் மூச்சு வாங்குவதை ஒரே ஷாட்டில் எடுத்தார்கள். உணவு இடைவேளைக்கு நேரமாகிவிட்டதால் யாரும் சரியாகக் கவனிக்கவில்லை.

பிறகு படத்தொகுப்பு. நான் சாகிற அலறலைத் திரும்பப் பதிவு செய்ய என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். தொகுப்பாளர் அம்மாள் மூன்று திரைகளுக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் தலைவர், ரகசிய அதிகாரி, துறைக்காரர்கள் எல்லோரும் நின்றார்கள்.

"எதை சார் சேர்க்கட்டும்?" என்றார் தொகுப்பாளர்.

பின்னால் நின்றவர்கள் எல்லோரும் திரைகளையே பார்த்தார்கள்.

"சார், நாளைக்குத் தியேட்டர்களுக்குப் பிரதி போகணும். எது நெஜம்?"

"அதை நான் வாயால சொல்ல முடியாதும்மா," என்றார் தலைவர். "விதி இருக்கு. அதிகாரி சொல்லட்டும்."

"எனக்குத் தெரியும்," என்றார் ரகசிய அதிகாரி. "ஆனா எனக்குத் தெரியும்னு சொல்றதே விதிமீறல். தலைவர் சொன்னா நான் மறுக்க மாட்டேன்."

"நான் சொன்னா நீங்க சரின்னு சொல்வீங்க. அப்ப நீங்க சொன்ன மாதிரி ஆயிடும். உங்களைச் சிக்கல்ல மாட்டிவிட நான் தயாரா இல்ல."

"உங்க பெருந்தன்மை எனக்குத் தெரியும் சார்."

நான் அவர்கள் முகங்களைப் பார்த்தேன். எங்கள் கடையில் கண் பரிசோதனைக்கு உட்காருகிறவர்களில் சிலர், எழுத்து தெரியாவிட்டாலும் தெரியவில்லை என்று சொல்ல மாட்டார்கள். டாக்டர் என்ன நினைப்பாரோ என்று உத்தேசமாகப் படிப்பார்கள். அதே முகம்தான் இங்கே எல்லோருக்கும். ஒருத்தருக்கும் தெரியவில்லை. ரகசியத்தை அவ்வளவு பத்திரமாகக் காப்பாற்றியதில் அது என்ன என்பதை முடிவு செய்யவே மறந்துவிட்டிருந்தார்கள். மற்றவர்களெல்லாம் உள்வட்டத்தில் இருப்பதாகவும், தன்னை மட்டும் விட்டுவிட்டார்கள் என்றும் ஒவ்வொருவரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

 இப்படி ஒரு சந்தர்ப்பம் எனக்கு இன்னொரு தடவை வராது.

"ஏன் சார் இவங்களைச் சுத்தவிடறீங்க?" என்றேன், சலிப்போடு. "முதல்ல அவர் சாகறாரு. கடைசில நான் ஹெல்மெட்டைக் கழட்டறேன். நம்ம எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. எடிட்டரம்மாகிட்டயுமா மறைக்கணும்?"

 தலைவர் ரகசிய அதிகாரியைப் பார்த்தார். ரகசிய அதிகாரி தலைவரைப் பார்த்தார். இரண்டு பேரும், மற்றவர் முகத்தில் அதிர்ச்சி இருக்கிறதா என்று தேடினார்கள். அதிர்ந்தால் தெரியாது என்று ஆகிவிடும் என்பதால் ஒருவரும் அதிரவில்லை.

"நான் சொல்லல," என்றார் ரகசிய அதிகாரி கடைசியில். "அவங்களாச் சொன்னாங்க."

"அவங்களும் உள்வட்டம்தானே," என்றார் தலைவர். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "கதை முதல்லேர்ந்தே அதைத்தான் கேட்டுச்சு. சேருங்கம்மா."

"ஹீரோ சாருக்குத் தெரியுமா?" என்றார் தொகுப்பாளர்.

"அவருக்கு முன்கூட்டித் தெரிஞ்சா அது என்ன ரகசியம்?" என்றார் தலைவர்.

தொகுப்பாளர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.  நாயகன் விழுகிற காட்சியை எடுத்து முதலில் வைத்தார். இரும்புக் கதவை உதைத்த அன்றைக்குக்கூட எனக்கு இவ்வளவு சந்தோஷம் இருந்ததில்லை.

நாயகன் தன் படத்தை முன்னால் பார்க்கும் வழக்கம் இல்லாதவர். பார்த்தால் அடுத்ததில் நடிக்க மனம் வராது என்பார். முதல் காட்சியில் ஜனங்களோடுதான் பார்ப்பார். அவருக்கு நேர் பின்வரிசையில் எனக்கும் கணவருக்கும் இடம் கிடைத்தது. நடுவில் மகளை உட்காரவைத்தேன். அவளை அழைத்துவர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

விளக்கு அணைந்தது. வீட்டு வாசல். காய்கறிப் பை. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். அழைப்பு மணி அடித்தது. திரையில் நான் சமையலறையிலிருந்து, "யாருன்னு பாருங்க, எனக்குக் கை வேலையா இருக்கு," என்றேன். நாயகன் போய்க் கதவைத் திறந்தார். சுட்டார்கள். நம்பாமல் விழுந்தார்.

 தியேட்டரில் யாரோ கை தட்ட ஆரம்பித்தார்கள், அது முன்வரிசையிலிருந்து பின்னால் ஓடியது. நிறைய பேர் எழுந்தே நின்றுவிட்டார்கள். இத்தனை வருஷமாக ஏமாந்த ஜனங்கள் அல்லவா, அவர்களுக்கும் கணக்குத் தீர்க்க வேண்டியிருந்தது.

திரையில் டைட்டில் ஓட ஆரம்பித்தது. நாயகன் எழுந்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்த தலைவரின் சட்டையைப் பிடித்தார். "இது அந்தப் படம் இல்ல. மாத்திப் போட்டுட்டாங்க. நிறுத்தச் சொல்லு."

"இதுதான் சார் நெஜம்," என்றார் தலைவர். "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"எனக்குத் தெரியாம எப்படிய்யா நான் சாவேன்?"

"சார், கதை கேட்டுச்சு சார்."

நாயகன் சட்டையை விட்டார். இருட்டில் திரும்பினார். அவர் பார்வை என்மேல் வந்து நின்றது. கொஞ்ச நேரம் அவருக்கு விளங்கவில்லை, பிறகு விளங்கிவிட்டது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் குனிந்தார். முகமெல்லாம் வியர்த்திருந்தது.

"சிஸ்டர், நீங்களா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நீங்க செத்துட்டீங்க சார்," என்றேன். "இனிமே உங்களுக்கு வசனம் இல்ல."

அவர் போகாமல் அங்கேயே நின்றார். வாயைத் திறந்தார், மூடினார். அவர் தோளுக்குப் பின்னால் திரையில் நான் எழுந்து, கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, அலமாரியிலிருந்து தலைக்கவசத்தை எடுத்தேன். மகள் எப்போதோ கண்ணைத் திறந்திருந்தாள். இப்படியும் அப்படியும் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, பொறுமை போய், அவர் கையைத் தட்டினாள்.

"அங்கிள், கொஞ்சம் நகருங்க. எங்கம்மாவை மறைக்கறீங்க."